அடகும் மீட்பும்: பழவேற்காட்டுக் கரையில் ஒரு சொல்லின் கதை

சென்னையிலிருந்து கூடூர் பக்கம் போகிற ரயிலில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அடுத்தது தடா. அங்கே ஆந்திரா ஆரம்பித்துவிடும். மாநிலம் முடிகிற இடத்துக்கு ஆரம்பாக்கம் என்று யார் பேர் வைத்தார்களோ என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த நாட்களில், ஷிப்டு வண்டிக்காக நான் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு காம்பவுண்டுச் சுவர் உண்டு. அதில் நீலப் பெயிண்டில் பெரிய எழுத்தில் 'மனந்திரும்பு' என்று எழுதியிருந்தது. கீழே வசனத்தின் எண் இருந்திருக்கும், மழையில் கரைந்துவிட்டது. அதே சுவரில் நாலு அடி தள்ளி ஒரு நகை வியாபாரியின் விளம்பரம்: அடகில் இருக்கும் நகையை நாங்களே மீட்டு, அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்வோம், கீழே போன் நம்பர்.

கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். ஒருநாள் அந்தச் சுவரைக் காட்டிச் சொன்னார்: "ரெண்டும் ஒரே விஷயம்தான் தம்பி. அவரு நம்மள மீட்டுட்டாரு. இவரு நகைய மீட்டுத் தர்றேங்கறாரு. இவரு அதுக்குக் காசு பாப்பாரு. அவரு பாக்கல. அவ்ளோதான்."

அன்றைக்குச் சிரித்துவிட்டு வண்டி ஏறிவிட்டேன். பிறகு பழவேற்காட்டின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அண்ணன் சொன்னது எவ்வளவு கறாரான உண்மை என்று புரிந்தது. இந்த ஏரிக்கரையில் 400 வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் மீட்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. இன்னொரு பக்கம் மனிதர்களுக்கே விலை எழுதினார்கள். இரண்டையும் நடத்தியது ஒரே கம்பெனி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மூன்று சொற்கள்

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம்.

'பாவம்' என்ற சொல்லைக் கிறிஸ்தவம் தமிழுக்குக் கொண்டுவரவில்லை. அது ஏற்கனவே இங்கே இருந்தது; புண்ணியத்துக்கு எதிர்ப்பதம். செய்த வினை செய்தவனைத் தேடி வரும் என்ற கணக்கோடு சேர்ந்தது. ஆனால் பேச்சில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. யாராவது அடிபட்டுக் கிடந்தால் "ஐயோ பாவம்" என்கிறோம். ஆரம்பாக்கம் சந்தையில் தெலுங்கு பேசுகிறவர்களும் இதே சொல்லை இதே மாதிரி "பாபம்" என்று சொல்வார்கள். குற்றம் செய்தவனுக்கும் பரிதாபத்துக்குரியவனுக்கும் ஒரே சொல்!

கிறிஸ்தவ இறையியல் சொல்லும் பாவம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அதன்படி பாவம் என்பது ஒருவன் செய்கிற தப்புகளின் பட்டியல் மட்டும் இல்லை. அவன் மாட்டிக்கொண்டிருக்கிற ஒரு நிலை. பவுல் எழுதிய நிருபங்களில் பாவம் ஒரு முதலாளியைப் போல வருகிறது. மனிதன் அதன் அடிமை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு கற்றுக்கொடுக்கும் ஜெபத்தில், மன்னிக்கும்படி கேட்கிற பொருளுக்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'கடன்'. லூக்கா அதே இடத்தில் 'பாவம்' என்று எழுதுகிறார். கடன், அடிமைத்தனம், பாவம் மூன்றும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரக்கூடிய சொற்களாக இருந்த உலகம் அது. கடன் கட்ட முடியாதவன் அடிமையாகப் போன உலகம் என்பதால் அப்படி.

அதனால் விடுதலைக்கும் அந்த உலகத்திலிருந்தே சொல் கிடைத்தது. பழைய ஏற்பாட்டில் 'கோயேல்' என்று ஒருவர் வருவார். வறுமையில் நிலத்தை விற்றவன், தன்னையே விற்றுக்கொண்டவன், இவர்களைக் காசு கொடுத்துத் திருப்பி எடுக்க வேண்டிய நெருங்கிய சொந்தக்காரர். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதி இந்தச் சட்டங்கள்தான். தங்கச்சியின் தாலி அடகுக்குப் போனால் அண்ணன் எப்படியாவது புரட்டிக் கொண்டுபோய் எடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு எழுதாத விதி இருக்கிறதே, அதைப் போல. புதிய ஏற்பாடு கிறிஸ்துவை அந்த இடத்தில் வைக்கிறது. இதற்குத் தமிழில் 'மீட்பு' என்றுதான் சொல்ல முடியும். வேறு எந்தச் சொல்லும் அடகுக்கடை வாசல்வரை போகாது.

புராட்டஸ்டண்ட் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'இரட்சிப்பு' என்ற சொல்தான் முன்னால் நிற்கும். காப்பாற்றுதல் என்று அர்த்தம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மீட்பு', 'மீட்பர்' என்ற சொற்களை முன்னுக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது, சுவரில் எழுதியிருந்த சொல். எபிரேயத்தில் தீர்க்கதரிசிகள் சொன்ன 'ஷூவ்' என்ற சொல்லுக்குத் திரும்பி வா என்று அர்த்தம். கிரேக்கத்தில் அது 'மெத்தனோயா', அதாவது மனம் மாறுதல் என்று ஆனது. இலத்தீனில் தண்டனையை ஏற்றுப் பரிகாரம் செய்வது என்ற பக்கம் சாய்ந்தது. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'மனந்திரும்பு' என்றது, புதியது 'மனம் மாறு' என்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். மாறுவதற்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை. திரும்புகிறவன் நடந்தாக வேண்டும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடு

பாவத்தையும் பாவ மன்னிப்பையும் பற்றித் தமிழில் அச்சான முதல் கையேடு 1580இல் கொச்சியில் வந்தது. பெயர் 'கொம்பெசியொனாயரு'. கன்ஃபெஷன் என்கிற சொல்லின் போர்ச்சுகீசிய வடிவத்தை அப்படியே தமிழில் எழுதிய தலைப்பு. எழுதியவர் என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற சேசு சபைத் துறவி. கிறிஸ்தவராக மாறிய யூத வம்சத்தில் பிறந்தவர். இரண்டு வருஷம் முன்னால், 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சடித்தவரும் அவரே.

முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 1530களில் கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். பாதிரியார்களுக்குத் தமிழ் தெரியாது. யோசித்துப் பாருங்கள், உங்கள் ரகசியத் தப்பை நீங்கள் ஒரு துபாசியிடம் சொல்ல வேண்டும், அவர் அதை மொழிபெயர்த்துச் சாமியாரிடம் சொல்வார். ஊரே தெரிந்துகொள்ள வேறென்ன வேண்டும்? என்ரிக்கஸ் தமிழ் கற்று, இடையில் ஆள் இல்லாமல் பாவசங்கீர்த்தனம் கேட்க ஆரம்பித்தார். மற்ற குருக்களும் அப்படிக் கேட்பதற்குத் துணையாக வந்ததுதான் இந்தப் புத்தகம்.

கத்தோலிக்க முறையில் இதற்கு மூன்று படிகள். மனஸ்தாபம்: உள்ளுக்குள் வருந்துவது. பாவசங்கீர்த்தனம்: வாய்விட்டுச் சொல்வது. பரிகாரம்: செய்து தீர்ப்பது. இந்த மூன்றாவது படியோடு சேர்ந்து பழைய இறையியலாளர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். திருடியவன் திருடிய பொருளைக் கொடுக்க வழியிருந்தும் கொடுக்காமல் மன்னிப்புக் கேட்டால், குரு மன்னிக்க முடியாது. லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் ஆயக்காரன் சகேயு இதற்கு உதாரணம். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவன் சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு.

இதைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தவர் ஸ்பெயின்காரரான பர்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ். அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர்கள் பூர்வகுடிகளை அடிமைப்படுத்தியதைக் கண்ணால் பார்த்தவர். ஒரு காலத்தில் அவரே அதில் பங்குதாரர். ஆயராக ஆன பிறகு குருக்களுக்கு ஒரு கையேடு எழுதினார். அது 1552இல் அச்சானது. சாகக் கிடக்கும் ஸ்பானிய வெற்றியாளன் பாவமன்னிப்பு கேட்டால் முதலில் நோட்டரியைக் கூப்பிடு; அவனிடம் இருக்கும் அடிமைகளை விடுதலை செய்து, பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதி வாங்கு; அதன் பிறகு மன்னிப்பு. இதுதான் அதன் சாரம். ஸ்பானியக் குடியேறிகள் அவரை எப்படி வெறுத்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

மனந்திரும்புதல் என்றால் கணக்கைத் தீர்ப்பதும் சேர்த்துத்தான் என்று சொல்கிற குரல், அந்தக் காலத்திலேயே கிறிஸ்தவத்துக்குள் இருந்தது. அது இல்லாததால் பழவேற்காட்டில் நடந்தது நடக்கவில்லை. இருந்தும் நடந்தது.

கெல்ட்ரியா கோட்டை

ஆரம்பாக்கம் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப் பக்கம். பழவேற்காடு ஊர் தெற்கே, ஏரி கடலோடு கலக்கிற முகத்துவாரத்தின் அருகே. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று சுற்றித்தான் போக வேண்டும்.

போர்ச்சுகீசியர்கள் அங்கே முதலில் வந்தார்கள். அவர்கள் காலத்திய மகிமை மாதா கோயில் 1515இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு வந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1610இல் சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் வேங்கடரிடம் அனுமதி வாங்கியது. 1612இல் போர்ச்சுகீசியர்கள் தாக்கி அதன் கிடங்கை அழித்தார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுதான். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை. இங்கிருந்து போன முக்கியச் சரக்கு துணி. அந்தத் துணியை இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்தால் வாசனைப் பொருள் கிடைக்கும். வெடிமருந்தும் இங்கே செய்தார்கள்.

துணியோடு ஆட்களும் போனார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வெகு தூரத்தில், பண்டா தீவுகளில் இருக்கிறது. உலகத்துக்கு ஜாதிக்காய் அங்கிருந்துதான் வந்தது. 1621இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் படையோடு போய் அந்தத் தீவுகளைப் பிடித்தார். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில், கொலையும் பட்டினியும் நாடுகடத்தலும் முடிந்தபோது ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். தோட்டம் கைக்கு வந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. 1619இல் கட்டத் தொடங்கிய பட்டாவியா நகரத்துக்கும், இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஆள் வேண்டும். கூன் சோழமண்டலக் கரைக்கு எழுதினார்.

இந்தக் கரையில் அப்போது போரும் பஞ்சமும். பஞ்சத்தில் தாய் தகப்பன் பிள்ளைகளை விற்றார்கள்; அரிசிக்காகத் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. தரகர்கள் பிடித்துக்கொண்டு வந்ததும் உண்டு. 1621 முதல் 1665 வரை 131 கப்பல்களில் 38,441 பேர் இந்தக் கரையிலிருந்து, பெரும்பாலும் பழவேற்காடு வழியாக, ஏற்றப்பட்டார்கள் என்று கம்பெனியின் பதிவேடுகளை வைத்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. பஞ்சம் வந்த வருஷங்களில் எண்ணிக்கை ஏறும். நல்ல மழை பெய்தால் இறங்கும். வானத்தைப் பார்த்துத்தான் இந்த வியாபாரம் நடந்தது.

எல்லாப் பழியையும் டச்சுக்காரர்கள் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. விற்றவர்கள், பிடித்துக் கொடுத்தவர்கள், வரி வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டவர்கள் இந்த மண்ணின் ஆட்கள். செங்கல்பட்டுச் சீமையில் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள் கம்பெனி வருவதற்கு முன்பும் இருந்தார்கள், போன பிறகும் இருந்தார்கள். போர்ச்சுகீசியரும் இதே வியாபாரம் செய்தவர்கள்தான். டச்சுக்காரர்கள் செய்தது, அதைப் பெரிய கணக்காக எழுதிக் கப்பலேற்றியது.

கோட்டைக்குள் ஒரு போதகர்

அந்தக் கோட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும். டச்சுச் சீர்திருத்த சபையின் போதனைகளுக்கு அடிப்படை 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை. 129 கேள்விகள், வருஷத்தின் 52 ஞாயிறுகளுக்கும் பிரித்து வைத்தது. மூன்று பகுதி: மனிதனின் இழிநிலை, அவனுடைய மீட்பு, அதற்கு அவன் காட்டும் நன்றி. முதல் கேள்வியின் பதில் சொல்லும் விஷயம் இது: நான் எனக்குச் சொந்தமானவன் அல்ல, தன் இரத்தத்தை விலையாகக் கொடுத்து என்னை வாங்கியவருக்குச் சொந்தம், அதுவே எனக்கு ஆறுதல். திருட்டைப் பற்றிய கட்டளைக்கு அதே வினாவிடை விளக்கம் சொல்லும்போது கள்ளத் தராசு, பொய் அளவு, ஏமாற்றுச் சரக்கு எல்லாமே திருட்டு என்கிறது. புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் பாவப் பட்டியலில் மனிதர்களைத் திருடுகிறவர்களும் வருகிறார்கள். மோசேயின் சட்டத்தில் ஆளைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை.

துணி அளக்கிற முழக்கோலில் ஒரு விரற்கடை குறைந்தால் பாவம் என்று தெரிந்த ஆட்கள், கோட்டைச் சுவருக்கு வெளியே கட்டி வைத்திருந்த ஆட்களை எந்தக் கட்டளைக்குக் கீழே வைத்தார்கள்?

இந்தக் கேள்வி வேறொரு ரூபத்தில் ஒருமுறை சபைக்கு முன்னால் வந்தது. 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் சீர்திருத்த சபைகளின் பெரிய மாநாடு கூடியது. முன்குறிப்பு, கிருபை, மனிதனின் சித்தம் பற்றிய வாதங்களுக்காக இன்றும் பேசப்படுகிற மாநாடு. அங்கே கிழக்கிந்தியப் பகுதியிலிருந்து ஒரு கேள்வி வந்தது: டச்சுக்காரர்கள் வீடுகளில் இருக்கும் அடிமைகளின் பிள்ளைகளுக்கு, பெற்றோர் கிறிஸ்தவர் அல்லாதபோது, ஞானஸ்நானம் கொடுக்கலாமா? விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளும் வயது வரும்வரை கூடாது என்று பெரும்பான்மை முடிவு செய்தது. ஜெனீவாவிலிருந்து போயிருந்த ஜொவான்னி தியோதாத்தி இன்னொன்றும் சொன்னார். ஞானஸ்நானம் பெற்ற அடிமை மற்றக் கிறிஸ்தவர்களைப் போலவே சுதந்திரம் அனுபவிக்க வேண்டும், அவனை விற்கக் கூடாது.

நல்ல யோசனைதான், இல்லையா? ஆனால் அடிமை வைத்திருக்கிற முதலாளியின் காதில் அது எப்படி விழும்? ஞானஸ்நானம் கொடுத்தால் விற்க முடியாது. அப்படியென்றால் கொடுக்காமல் இருப்பதே லாபம். பின்னால் தென்னாப்பிரிக்காவின் டச்சுக் குடியேற்றத்தில் முதலாளிகள் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஆத்துமாவின் விடுதலையையும் உடம்பின் விடுதலையையும் ஒரு கயிற்றால் கட்டப் பார்த்தார் தியோதாத்தி. முதலாளிகள் இரண்டையுமே பூட்டி வைத்தார்கள்.

பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜரியுஸ். சாதாரண ஆள் இல்லை. பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து, போர்ச்சுகீசிய மொழியில் பேசி, இந்த ஊர் ஆட்களின் கடவுள், ஆத்துமா, சடங்கு, மறுமை பற்றியெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதலில் அச்சேறியது அவருடைய புத்தகத்தில்தான். அவர் 1649இல் இறந்தார், புத்தகம் 1651இல் லெய்டனில் வந்தது. 'மறைந்திருக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த கதவு' என்ற மாதிரித் தலைப்பு. கேலி செய்யாமல் கேட்டு எழுதிய புத்தகம் என்று இன்றும் ஆய்வாளர்கள் மதிக்கிறார்கள்.

அந்தப் பத்து வருஷமும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. போதகர்களும் கம்பெனியின் ஊழியர்கள்தான். இந்த ஊர் ஆட்களின் மறைந்திருக்கும் கதவைத் திறந்தவர் அவர். தன் கோட்டையின் கதவு எப்போதும் திறந்தேதான் இருந்தது. அதன் வழியாக யார் போனார்கள் என்று அவர் பார்த்திருப்பார். ரோஜரியுஸை வில்லனாக்குவது சுலபம், எனக்கு அதில் விருப்பமில்லை. அவர் காலத்து நல்ல கிறிஸ்தவர்களுக்கு இதில் பதில் தயாராக இருந்தது. 1638இல் கொட்ஃப்ரீட் ஊட்மான்ஸ் என்ற டச்சுப் போதகர் வியாபாரிகளுக்கென்றே ஒரு பெரிய ஆன்மிகக் கையேடு வெளியிட்டார். நியாயமான போரில் பிடிபட்டவரையும் முறையாக விலைக்கு வந்தவரையும் வைத்துக்கொள்ளலாம், நல்லபடியாக நடத்த வேண்டும், வேதம் சொல்லித்தர வேண்டும், கிறிஸ்தவரானால் சில வருஷங்களில் விடுதலை தர வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன ஏற்பாடு. பஞ்சத்தில் அரிசிக்காகப் பிள்ளையை விற்ற தாயிடம் வாங்குவது 'முறையாக' வாங்குவது ஆகுமா? ரசீது இருந்தால் ஆகும் போலிருக்கிறது.

கடனாளியான மொழிபெயர்ப்பாளர்

பழவேற்காட்டுக்குத் தமிழ் வேதாகமத்தோடும் ஒரு தொடுப்பு உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி யோகான் பிலிப் ஃபப்ரீசியுஸ் தன் சபையாரோடு தப்பி வந்து தங்கியது டச்சுக்காரர்களின் பழவேற்காட்டில். பின்னால் லாலி சென்னையை முற்றுகையிட்டபோதும் இங்கேதான் வந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சானது. பிற்பாடு வந்த மொழிபெயர்ப்புகளெல்லாம் அந்த மனிதரின் தோள்மேல் ஏறி நின்றவை.

கடைசிக் காலத்தில் ஃபப்ரீசியுஸ் கடனுக்காகச் சிறையில் இருந்தார். தன்னை நம்பிப் பலர் ஒப்படைத்த பணத்தை வட்டிக்கு விட்டு, அது திரும்பி வரவில்லை. கடன்களை மன்னிக்கச் சொல்லும் ஜெபத்தைத் தமிழில் எழுதிய வயதானவரைக் கடன்காரர்கள் சென்னைச் சிறையில் வைத்திருந்தார்கள். 1791இல் இறந்தார். அவரை ஒரு நல்ல சொந்தக்காரர் வந்து மீட்டார் என்று எழுத ஆசைதான். சரித்திரத்தில் அப்படி இல்லை.

நாற்பது வருஷம்

இரட்சிக்கப்பட்டவன் எப்போது மனந்திரும்புகிறான்? அண்ணனிடம் கேட்டால், "ஒரே நேரத்துல" என்பார். ஜான் நியூட்டன் கதை வேறு மாதிரி சொல்கிறது.

'அமேசிங் கிரேஸ்' பாட்டு தெரியாதவர்கள் குறைவு. எழுதியவர் நியூட்டன். 1748இல் கடலில் புயலில் மாட்டிக் கடவுளைக் கூப்பிட்டார். தன் இரட்சிப்பு அந்த நாளில் ஆரம்பித்ததாகவே கடைசிவரை சொன்னார். ஆனால் 1750 முதல் 1754 வரை அவர் அடிமைக் கப்பலின் கேப்டன். மூன்று பயணம். கப்பலில் ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் நடந்தது, கீழ்த்தட்டில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். உடம்பு முடியாமல்தான் அந்தத் தொழிலை விட்டார். மனசாட்சி குத்தி இல்லை. 1764இல் போதகரானார். பாட்டு 1779இல் அச்சில் வந்தது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தானும் அதில் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டு அவர் புத்தகம் போட்டது 1788இல். இந்த அறிக்கை ரொம்பத் தாமதமாக வருகிறது என்று அவரே அதில் சொல்கிறார்.

புயலிலிருந்து புத்தகம்வரை 40 வருஷம். இதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது, போலித்தனம் என்று தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. புயலில் அவர் அழுதது நிஜம். பிறகு அவர் சங்கிலியைப் பூட்டியதும் நிஜம். தன் குடியையும் கெட்ட வார்த்தையையும் பாவம் என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தன் தொழில் பாவமாகத் தெரியவில்லை. அது ஊரே செய்கிற வியாபாரம், சட்டம் அனுமதித்தது, சம்பளம் தந்தது. பாவம் ஒரு நிலை, அதில் மாட்டியிருப்பவனுக்கே அது தெரியாது என்று பவுல் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தாமதமாகவாவது அவர் திரும்பினார். அந்தப் புத்தகமும் அவருடைய சாட்சியமும் அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்துக்கு உதவின. 1807இல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. அதே வருஷம் டிசம்பரில் அவர் இறந்தார்.

செய்தித்தாளில் வருகிற மீட்பு

சரி, இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள் திருவள்ளூர் மாவட்டச் செய்திகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 'கொத்தடிமைகள் மீட்பு' என்ற தலைப்பு எத்தனை முறை கண்ணில் படும்! மழைக்காலம் முடிந்ததும் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே செங்கல் சூளைக்கு வருவார்கள். ஊரிலேயே முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதைக் கழிக்கிறவரை கிளம்ப முடியாது. இந்தப் பக்கத்து இருளர் குடும்பங்களும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டுகிற இடத்திலும் இதே மாதிரி சிக்கியிருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு வருஷக்கணக்கில்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு, அப்படி வாங்கிய கடன் முழுவதும் ரத்து என்கிறது. தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ வந்து விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள். யாரும் காசு கட்டி மீட்பதில்லை. கடனே கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிடுகிறது. லேவியராகமத்தை எழுதியவர் இதைப் படித்தால் தலையாட்டுவார்.

ஆனால் அதற்குப் பிறகு? வீடு, வேலை, நிலம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இன்னொரு முன்பணம் வாங்க வேண்டியதுதான். சகேயு நாலு மடங்கு கொடுப்பதாகச் சொன்னதன் அர்த்தம் இங்கேதான் விளங்குகிறது. பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, வெளியே வருகிறவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

போன மாதம் ஷிப்டு இல்லாத ஒரு நாளில் பழவேற்காடு போனேன். கெல்ட்ரியா கோட்டை இப்போது புதர். சுவர்க் கற்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பொறுப்பில் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே போகிறவனுக்கு, நீயும் ஒருநாள் இப்படித்தான் என்று நினைவூட்டுவதற்கு. கல்லறைக் கற்களில் பெயர், பதவி, தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்து இன்னும் தேயவில்லை.

கப்பலேறியவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. அவர்கள் பதிவேட்டில் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி எடுக்க வேண்டிய சொந்தக்காரர் யார் என்று யோசித்துக்கொண்டே முகத்துவாரம்வரை நடந்தேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டியம்மா இறால் பிரித்துக்கொண்டே எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ஆரம்பாக்கம் என்றேன். எதற்கு இவ்வளவு தூரம் என்றார். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். இங்கிருந்து ஆட்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள், சின்னப் பிள்ளைகளைக்கூட.

அவர் கை ஒரு நிமிஷம் நின்றது.

"பாவம்," என்றார்.

பிள்ளைகளைச் சொன்னாரா, செய்தவர்களைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தமிழில் அதைக் கேட்க வேண்டியதும் இல்லை.